விளக்கடிக்கு வரும் விருந்தினர்

மழைக்காலத்து மாலையில் வராந்தா விளக்கைப் போட்டுவிட்டால் போதும். அழைப்பிதழ் இல்லாமலே ஒரு கூட்டம் வந்து கூடிவிடும். ஈசல் வரும், வண்டு வரும், தத்துப்பூச்சி வரும். அவற்றோடு பழுப்பும் சாம்பலுமாய், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியனவாய், சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்ளும் சில பூச்சிகளும் வரும். அவற்றை விட்டில் என்போர் உண்டு. அந்து என்போர் உண்டு. காலையில் துடைப்பம் வந்ததும் அவை குப்பைக் கூடைக்குப் போய்விடும். அவ்வளவுதான் அவற்றின் வரலாறு!

வண்ணத்துப்பூச்சியின் படம் இல்லாத வாழ்த்து அட்டைகள் குறைவு. அதைப் பற்றிய கவிதை இல்லாத ஆண்டு மலரும் குறைவு. ஆனால் இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி வகைகள் சுமார் 1,400 மட்டுமே. அந்துப்பூச்சி வகைகளோ 10,000க்கும் மேல். பகலில் பறக்கும் சிறுபான்மையினரைப் போற்றிவிட்டு, இரவில் பறக்கும் பெரும்பான்மையினரைப் பெயர்கூடக் கேளாமல் பெருக்கித் தள்ளுவது நியாயமாகுமா?

இக்கட்டுரையில் நாங்கள் வற்புறுத்த விரும்புவன இரண்டு. ஒன்று, இச்சிறு பூச்சிகளைக் கொல்லாமல் படம் பிடித்துப் பெயர் அறியும் பழக்கம் நம் பள்ளியில் வேண்டும். மற்றொன்று, பெயர் உறுதியாகத் தெரியாதபோது 'தெரியவில்லை' என்று எழுதும் துணிவும் நமக்கு வேண்டும். இரண்டாவதே முதலாவதைவிடப் பெரியது என்பது எங்கள் எண்ணம்.

ஆந்தைக் குடும்பம்

விளக்கடிக்கு வரும் பழுப்பு நிறப் பூச்சிகளில் பல 'நாக்டுயிடே' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலத்தீன் மொழியில் 'நாக்டுவா' என்றால் ஆந்தை. ஆந்தையைப் போலவே இவையும் இரவில் உலவுகின்றன. வெளிச்சம் பட்டால் இவற்றின் கண்களும் மின்னுகின்றன. உலகில் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 12,000 இனங்கள் உள்ளன.

இக்குடும்பத்துக்கு 1809ஆம் ஆண்டில் பெயரிட்டவர் பியேர் ஆந்த்ரே லத்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம் பள்ளிச் சகோதரிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு கேட்ட உறுதிமொழியை அவர் எடுக்கவில்லை. அதனால் போர்தோ நகரில் சிறையில் அடைக்கப்பட்டார். ஒருநாள் சிறையைப் பார்வையிட வந்த மருத்துவர், மரணத்தை எதிர்நோக்கியிருந்த அந்தக் கைதி தரையில் ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தார். "இது அரிய வண்டு" என்றார் கைதி. மருத்துவர் அந்த வண்டை வாங்கிக்கொண்டு போய், பூச்சிகளை நன்கு அறிந்த ஓர் இளைஞனிடம் காட்டினார். போரி டி சான் வான்சான் என்னும் அவனுக்கு அப்போது வயது பதினைந்து! லத்ரேயின் ஆராய்ச்சிகளை முன்பே அறிந்திருந்த அவன், முயன்று அவரை விடுதலை செய்வித்தான். சிறையில் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் மாண்டுபோயினர் என்று வரலாறு கூறுகிறது.

தோழியரே! ஒரு சிறு வண்டின் பெயரை அறிந்திருந்ததால் ஓர் உயிர் பிழைத்தது. அதற்குத் துணைநின்றவன் நம் வயதுப் பையன். 'பூச்சிக்குப் பெயர் தெரிந்து என்ன பயன்?' என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை உண்டோ?

நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் பெருமை உண்டு. ஜார்ஜ் ஹாம்ப்சன் என்னும் ஆங்கிலேயர் நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்தவர். அங்கே அந்துப்பூச்சிகளின் மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது. பின்னர் இலண்டன் திரும்பி, இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு பெருந்தொகுதிகள் எழுதி வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர் அவற்றைப் புரட்டிப் பார்க்கின்றனர். நீலகிரி மலைச்சாரலில் முளைத்த ஆர்வம் உலக நூலகங்களை எட்டியது!

இப்பூச்சிகள் அழகற்றவை என்று யார் சொன்னது? இவற்றின் மார்பின் இருபுறமும் செவிகள் உள்ளன. ஒவ்வொரு செவியிலும் கேட்பதற்கென்று இருப்பவை இரண்டே இரண்டு நரம்புச் செல்கள். அந்த இரண்டைக் கொண்டே, நம் காதுக்கு எட்டாத வௌவாலின் ஒலியை இவை கேட்டுவிடுகின்றன. வௌவால் தொலைவில் இருந்தால் திசைமாறிப் பறக்கும். அருகில் வந்துவிட்டால் சிறகை மடக்கிப் பொத்தென்று கீழே விழும், அல்லது கரணமடிக்கும். 1950களில் அமெரிக்காவில் கென்னத் ரோடர் என்னும் அறிவியலாளர் இதை ஆராய்ந்து காட்டினார். இரண்டு செல்களில் இத்தனை அறிவை வைத்த படைப்பாளியின் கைவண்ணத்தை எப்படிப் புகழ்வது!

படம் பிடிக்கும் முறை

முன்னாளில் பூச்சியை ஆராய விரும்புவோர் அதைக் கொன்று ஊசியில் குத்தி வைத்தார்கள். இன்று நம் பெற்றோரின் கைப்பேசியிலேயே நல்ல கேமரா இருக்கிறது. எனவே தொடக்க நிலையில் இருக்கும் நமக்குக் கொலை வேண்டாம், படமே போதும். ஆனால் படம் என்றால் எந்தப் படமும் அன்று. பெயரறிய உதவும் படத்துக்குச் சில ஒழுங்குகள் உண்டு.

கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டு, அதன் முன்னே ஒரு விளக்கை வைக்க வேண்டும். நிலவில்லாத, காற்றில்லாத, மழை பெய்து ஓய்ந்த வெதுவெதுப்பான இரவே ஏற்றது. பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு நிலவென்று மயங்குவதாக ஒரு விளக்கம் சொல்லப்பட்டு வந்தது. 2024இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பறக்கும் பூச்சி, வெளிச்சம் உள்ள பக்கமே வானம் என்று கொண்டு தன் முதுகை அப்பக்கம் திருப்புகிறது; அதனால் விளக்கை விட்டு விலக முடியாமல் சுழல்கிறது. ஆசையால் வந்து அது வீழவில்லை; மேல் எது, கீழ் எது என்று அறியாமல் சிக்கிக்கொள்கிறது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கை எரியவிடுவது முறையன்று.

வேட்டியில் பூச்சி அமர்ந்ததும் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய் நீட்டக் கூடாது. மிகவும் நெருங்கினால் படம் மங்கிவிடும். ஒரு சாண் தொலைவில் நின்று எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பார்ப்பதே நன்று. பிளாஷ் வெளிச்சம் நேரே பட்டால் சிறகு பளபளத்துக் கோடுகள் மறைந்துவிடும்; டார்ச்சின் முகத்தில் டிரேசிங் தாளைக் கட்டி, பக்கவாட்டில் பிடித்தால் வெளிச்சம் மென்மையாக விழும். ஒரு பூச்சிக்குக் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும்: நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலைப்பக்கமிருந்து ஒன்று. அளவு தெரிவதற்கு அருகில் ஒரு ஸ்கேலோ, கிராஃப் தாளின் ஒரு துண்டோ இருக்க வேண்டும். சின்னஞ்சிறு பூச்சிகளுக்கு இது மிகமிக இன்றியமையாதது. இரண்டு சென்டிமீட்டர் சிறகும் நான்கு சென்டிமீட்டர் சிறகும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும் அல்லவா? நாள், நேரம், இடம், மழையா வெயிலா என்பதையெல்லாம் அன்றே நோட்டில் குறித்துவிட வேண்டும். தேதியும் இடமும் இல்லாத படம், முகவரி இல்லாத கடிதம்.

சிறகின் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பாட்டிமார் பயமுறுத்துவது உண்டு. அந்தத் தூள் சிறகை ஓடு வேய்ந்ததுபோல் மூடியிருக்கும் மெல்லிய செதில்களே. அது கண்ணைக் குருடாக்குவதில்லை. நாம் சிறகைத் தொடாமல் இருக்க வேண்டியது பூச்சியின் நலனுக்காக. செதில் உதிர்ந்தால் அதன் அடையாளமும் உதிர்ந்துவிடும்.

பெயரிடுவதில் நேர்மை

படம் எடுத்தாயிற்று. இனிப் பெயர் என்ன? முன்சிறகில் உடலை ஒட்டினாற்போல ஒரு வட்டப் புள்ளியும், அதற்கு அப்பால் அவரை விதை போன்ற ஒரு புள்ளியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆந்தைக் குடும்பத்துப் பூச்சிகள் பலவற்றில் இவை இரண்டும் தெளிவாக இருக்கும். குறுக்கே ஓடும் நெளிகோடுகள் எத்தனை, எங்கே வளைகின்றன என்றும் பார்க்க வேண்டும். பருத்தி, துவரை, தக்காளி ஆகியவற்றைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சிக்குப் பின்சிறகின் ஓரத்தில் கருநிறப் பட்டை இருக்கிறது. ஆனால் அமர்ந்திருக்கும்போது பின்சிறகு முன்சிறகுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. அப்படியானால் ஒரே ஒரு படத்தை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

இன்னும் சில பூச்சிகள் நம்மைத் திகைக்க வைக்கின்றன. 'கிரைசோடெய்க்ஸிஸ்' என்னும் பேரினத்துப் பூச்சிகளின் சிறகில் வெள்ளியில் பொறித்ததுபோல் ஒரு முத்திரை இருக்கும். அவற்றில் இரண்டு இனங்கள் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். உடலின் உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தாலன்றி நிபுணராலும் வேறுபாடு கூற இயலாது. நம் கைப்பேசிச் செயலியோ படத்தைக் காட்டிய மறு நொடியே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது! அது சொல்வது யோசனை, சான்று அன்று. 'செயலி சொன்னது' என்பதற்காக அப்படியே எழுதிவைப்பது, பக்கத்து இருக்கைத் தோழியின் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதைப் போன்றதே.

எனவே, தெரிந்த படிவரை மட்டும் ஏறுவோம். குடும்பம் மட்டும் தெரிந்தால் குடும்பப் பெயர்; பேரினம் தெரிந்தால் பேரினப் பெயர்; சிறகிலுள்ள ஒவ்வொரு குறியும் பொருந்தினால் மட்டுமே இனப் பெயர். 'ஆந்தைக் குடும்பம், இனம் தெரியவில்லை' என்று எழுதுவது தோல்வியன்று. அது ஓர் உண்மை. பின்னொருநாள் அறிந்தவர் ஒருவர் அப்படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடும். தவறான பெயரை எழுதிவிட்டாலோ, அதைத் திருத்த வேண்டும் என்றுகூட எவருக்கும் தோன்றாது.

பெரிய அறிஞர்களும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஆமணக்கு இலையைத் தின்னும் காவடிப்புழுவின் தாய்ப்பூச்சியைப் பழைய நூல்கள் எல்லாம் ஆந்தைக் குடும்பத்திலேயே சேர்த்திருந்தன. மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு, 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது 'எரெபிடே' என்னும் குடும்பத்தில் உறுதியாக வைக்கப்பட்டது. புதிய சான்று வந்ததும் அறிஞர்கள் வெட்கப்படாமல் ஏட்டைத் திருத்தினார்கள். அறிவியல் வளர்வது அப்படித்தான்.

பெயர் தவறினால் வயல் தவறும்

இது ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் எண்ண வேண்டாம். நம்மில் பலருடைய பெற்றோர் உழவர்கள். நிலக்கடலைக்கும் பருத்திக்கும் வரும் வெட்டுப்புழுவின் தாயும், பச்சைக் காய்ப்புழுவின் தாயும் ஆந்தைக் குடும்பமே. இவற்றைக் கண்காணிக்க வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார்கள். பெண் பூச்சி தன் இனத்து ஆணை அழைக்க வெளிவிடும் மணத்தைப் போலச் செய்த மருந்து அதற்குள் இருக்கும். ஓர் இனத்துக்கு உரிய மணத்துக்கு மற்றோர் இனம் வராது. புழுவை அழிக்கும் என்.பி.வி. என்னும் நச்சுயிரிக் கரைசலும் அவ்வாறே. வெட்டுப்புழுவுக்கு உரியது காய்ப்புழுவைக் கொல்லாது. பெயரைத் தவறாகச் சொன்னால் பொறி காலியாகவே தொங்கும், மருந்து வீணாகும், புழுவோ பயிரைத் தின்றுகொண்டே இருக்கும்.

2018ஐ நினைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மக்காச்சோளப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் தமிழ்நாட்டின் மக்காச்சோள வயல்களுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் உழவர்கள் பட்ட துன்பத்தைச் செய்தித்தாள்கள் எழுதின. வந்தது பழைய புழு அன்று, புதிய புழு என்பதை முதலில் உணர்த்தியது எது? உற்றுப்பார்த்த கண்களே! புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில எழுத்து 'ஒய்' போன்ற கோடு. வால் பக்கத்துக் கண்டம் ஒன்றில் சதுரமாக நான்கு புள்ளிகள். இவற்றைக் கண்டு, புழுவை வளர்த்துப் பூச்சியாக்கிப் பார்த்து, மரபணுவையும் ஆராய்ந்த பிறகே அறிவியலாளர் பெயரை அறிவித்தனர். ஆண் பூச்சியின் சிறகு நுனியில் வெண்திட்டு உண்டு. பெண்ணுக்கு அது இல்லை. விளக்கடிக்கு வரும் மங்கலான பெண் பூச்சியைப் படத்தில் மட்டும் பார்த்து 'இதுதான்' என்று அடித்துச் சொல்வதும் தவறு. 'இல்லவே இல்லை' என்பதும் தவறு.

அப்படியானால் இவை நம் பகைவர்களா? அப்படியும் இல்லை. பயிரைக் கெடுப்பவை இக்குடும்பத்தில் ஒரு சிலவே. மற்றவை காட்டுச் செடிகளிலும் புல்லிலும் வாழ்கின்றன. மலைப்பகுதியில் பெரணியைத் தின்னும் புழுக்களும் உண்டு. இவற்றின் புழுக்கள் குஞ்சுப் பறவைகளுக்கு உணவு. பூச்சிகள் வௌவாலுக்கு உணவு. இரவில் மலரும் பூக்களுக்கு இவை மகரந்தத் தூதர்கள். நற்செய்தியில் இயேசு மண்ணுலகச் செல்வத்தை அரிக்கும் பூச்சியைக் குறிப்பிடுகிறார். அது துணியை அரிக்கும் வேறொரு குடும்பத்துப் பூச்சி. அந்தப் பழியையும் நம் விருந்தினர்மேல் போட வேண்டாம்!

எங்கள் வேண்டுகோள்

'பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கும்போது பூச்சிக்குப் பின்னால் ஓடலாமா?' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நாங்கள் கேட்பது நாள்தோறும் அன்று. ஆண்டுக்கு ஆறு மாலைகள் மட்டுமே. 'பெண் பிள்ளைகள் இருட்டில் வெளியே நிற்பதா?' என்ற கவலையும் புரிகிறது. வேட்டியை விடுதி வராந்தாவிலேயே கட்டலாம்; விடுதிப் பொறுப்பாளர் சகோதரி அருகிலிருக்க, ஏழு மணி முதல் எட்டரை மணிவரை போதும். செலவு? ஒரு பழைய வேட்டி, ஒரு விளக்கு, ஒரு பெரிய பதிவேடு. உலகெங்கும் 2012 முதல் ஜூலை மாதத்தின் கடைசி முழு வாரத்தை அந்துப்பூச்சி வாரமாகக் கொண்டாடுகிறார்கள். நம் பள்ளியும் அவ்வாரத்திலேயே தொடங்கலாமே!

அப்பதிவேட்டில் ஒவ்வொரு பூச்சிக்கும் 'கண்டது என்ன', 'பெயர் எதுவரை உறுதி', 'எந்தக் குறியால் உறுதி' என்று மூன்று பத்திகள் இருக்கட்டும். காரணம் எழுதாத பெயரை ஏற்கக் கூடாது. ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்தால், எந்த மாதத்தில் எது வருகிறது, எது குறைந்துவிட்டது என்று நம் ஊருக்கே ஒரு கணக்குக் கிடைக்கும். நமக்குப் பின் வரும் தங்கைகள் அதைத் தொடர்ந்து எழுதுவார்கள்.

மற்றொரு வேண்டுகோள்: பள்ளி வராந்தாக்களில் தேவையில்லாத விளக்குகளை இரவு பத்து மணிக்குமேல் அணைத்துவிட வேண்டும். விடியும்வரை விளக்கைச் சுற்றிக் களைத்துக் கீழே விழுந்தவற்றைக் காலையில் காகமும் மைனாவும் கொத்திப்போகின்றன. மின்கட்டணமும் மிச்சம், உயிர்களும் மிச்சம். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் படைப்பைப் பேணுமாறு உலகை வேண்டினார். அதற்கு நாம் செய்யக்கூடிய எளிய தொடக்கம் ஒரு சுவிட்சை அணைப்பது.

தொடக்கநூலில் இறைவன் உயிர்களை எல்லாம் ஆதாமிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுகிறான் என்று பார்த்ததாகப் படிக்கிறோம். பெயரிடும் பணி மனிதருக்குத் தரப்பட்ட முதற்பணிகளுள் ஒன்று. அப்பணி இன்னும் முடியவில்லை. நம் வராந்தாச் சுவரிலேயே மிச்சம் இருக்கிறது. உற்றுப் பார்ப்போம், கொல்லாமல் படம் பிடிப்போம், உறுதியாகத் தெரிந்ததை உரக்கச் சொல்வோம், தெரியாததைத் 'தெரியவில்லை' என்று தலைநிமிர்ந்து எழுதுவோம். இந்த நேர்மை பூச்சிப் பதிவேட்டில் தொடங்கி, நம் வாழ்க்கை ஏடு முழுவதும் தொடரட்டும்!